பாலோ டூரோ பள்ளத்தாக்கும் ஒரு பழைய வண்டியும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டல்லஸ் நகருக்கும் ஃபோர்ட் வொர்த் நகருக்கும் இடையே ஆர்லிங்டன் என்றோர் ஊர் இருக்கின்றது. 1954-ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கிவரும் மோட்டார்த் தொழிற்சாலையில்தான் 'சபர்பன்' என்னும் நெடிய குடும்ப வண்டி உருவாகின்றது. செவ்ரோலே நிறுவனம் அப்பெயரைத் தன் வண்டிக்கு முதன்முதலாகச் சூட்டியது 1935-ஆம் ஆண்டில். இத்தனை நெடுங்காலம் இடையறாது வழங்கிவரும் வண்டிப் பெயர் அந்நாட்டில் வேறில்லை. நீளம் ஐந்தரை மீட்டரைத் தாண்டும். மூன்று வரிசைகளில் எட்டுப் பேர் அமரலாம். அதன்பிறகும் பின்புறத்தில் நம் ஊர்த் தேக்கு அலமாரி ஒன்றைப் படுக்க வைக்குமளவு இடம் மிஞ்சும். பிறந்த வீட்டருகிலேயே வாழ்வதாலோ என்னவோ, டெக்சஸ் சாலைகளில் எத்திசை நோக்கினும் இவ்வண்டியே கண்ணில் படுகின்றது.

குருவானவர் ஒருவர் பழைய மோட்டார் வண்டி வாங்கும் வகையைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று நேயர்கள் வியக்கலாம். 2025-ஆம் ஆண்டு கோடையில், டல்லஸ் நகரின் புறத்தேயுள்ள பங்கு ஒன்றில், விடுப்பில் சென்ற பங்குத்தந்தைக்குப் பதிலாக ஐந்து வாரங்கள் பணியாற்றினோம். அங்கே நம்மவர் குடும்பம் ஒன்று நம்மை உறவினர் போலவே ஏற்றுக்கொண்டது. கணவர் தூத்துக்குடிப் பக்கத்தவர். மனைவி நாஞ்சில் நாட்டவர், மருத்துவமனையில் செவிலியர். மக்கள் மூவர். ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த ஆச்சி ஒருவர். அவர்கள் அப்போது ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார்கள். "ஃபாதர், நீங்களும் கூட வாங்க, நாலு கண்ணு கூடுதலா இருந்தா நல்லது" என்று குடும்பத் தலைவர் அழைத்தார். போனோம், பார்த்தோம், கற்றோம். நம் மறைமாவட்டத்துக் குடும்பங்களில் பலவற்றின் பிள்ளைகள் இன்று கடல் கடந்து வாழ்கின்றார்கள். அவர்களுள் யாருக்கேனும் இது பயன்படுமாயின் நன்று.

அங்கே பள்ளி விடுமுறை தொடங்கியதும் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் புறப்படுகின்றார்கள். விடுதியில் தங்குவதில்லை, கூடாரம் அடிக்கின்றார்கள், அல்லது சக்கரம் பூட்டிய சிறு வீட்டை வண்டியின் பின்னே கட்டி இழுத்துச் செல்கின்றார்கள். அதற்கு டிரெய்லர் என்று பெயர். டெக்சஸில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட மாநிலப் பூங்காக்கள் உள்ளன. அவற்றுள் பலவற்றில் டிரெய்லரை நிறுத்தத் தனியிடமும், குடிநீர்க் குழாயும், மின்னிணைப்பும் வாடகைக்குக் கிடைக்கும். பழைய ஏற்பாட்டு மக்கள் ஆண்டுதோறும் கூடாரத் திருவிழாவின்போது வீட்டை விட்டிறங்கி ஏழு நாள் குடில்களில் தங்கியதை நாம் மறைக்கல்வியில் கற்பித்திருக்கின்றோம். அத்திருவிழாவின் சுவை என்னவென்பது இவர்களைக் கண்டபின் சற்றே விளங்கிற்று.

ஏழு பேரை ஏற்றவும் வேண்டும், டிரெய்லரை இழுக்கவும் வேண்டும் என்றால் சிறு கார் உதவாது. 'மினிவேன்' மக்களை ஏற்றுவதற்குத் தக்கது. ஆனால் ஏழு பேரும் மூட்டைகளும் ஏறியபின் இழுப்பதற்கென அதன் சுமைக் கணக்கில் மிகச் சொற்பமே மிஞ்சும். ஆகவே சபர்பன், அதன் குட்டைத் தம்பியான டாஹோ, ஃபோர்டு நிறுவனத்தின் எக்ஸ்பெடிஷன், டொயோட்டாவின் செக்கோயா, நிசானின் அர்மாடா ஆகிய பெருவண்டிகளே மிஞ்சுகின்றன. இவற்றைப் புதிதாக வாங்குவது நடுத்தரக் குடும்பத்தால் எளிதில் இயலாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டியையே தேடுகின்றார்கள். டாஹோவைவிடச் சபர்பனை அவர்கள் விரும்பியதற்குக் காரணம் இரண்டு. மூன்றாம் வரிசையில் ஆள் அமர்ந்தால் டாஹோவில் மூட்டைக்கு இடமில்லை. மேலும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தொலைவு சபர்பனில் 3.3 மீட்டர், டாஹோவில் 2.95. அத்தொலைவு கூடுதலாக இருப்பின் பின்னே வரும் டிரெய்லர் வண்டியை ஆட்டிவைப்பது குறையும்.

மூன்று சனிக்கிழமைகளில் மூன்று வண்டிகளைப் பார்வையிட்டோம். மெக்சிகோ வழிவந்த மெக்கானிக் ஒருவர், நம் பங்குத் திருப்பலிக்குத் தவறாது வருபவர், கூலி பேசிக்கொண்டு உடன் வந்தார். அக்கூலியே அவ்வாண்டில் அக்குடும்பம் செய்த செலவுகளுள் மிகச் சிறந்தது என்று நாம் கருதுகின்றோம். டெக்சஸ் மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து தனியார் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடைபெற்ற பாதுகாப்புச் சோதனை நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே வாங்குபவனே சோதகனாகவும் இருக்க வேண்டியுள்ளது.

முதல் வண்டி நெடுஞ்சாலையோர விற்பனைத் திடல் ஒன்றில், கொடித் தோரணங்களின் கீழே, எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைபோல் மின்னிக்கொண்டிருந்தது. விற்பனையாளர் இனிமையாகப் பேசினார். மெக்கானிக் பேச்சைக் கேளாதவர்போல் உள்ளே ஏறி, கதவுகளை அடைத்துக்கொண்டு ஒரு நிமிடம் மூச்சை இழுத்து முகர்ந்தார். பிறகு பின்னிருக்கையின் வாரைப் பிடித்து அது முடியும்வரை வெளியே இழுத்தார். வழக்கமாக எவரும் இழுக்காத அக்கடைசிச் சாணளவில் பழுப்பு நிறக் கோடு ஒன்று படிந்திருந்தது. சேறு! இருக்கையின் அடியிலிருந்த திருகாணிகளும் துருவேறியிருந்தன. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டன் பகுதியை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது லட்சக்கணக்கான வண்டிகள் மூழ்கின. அத்தகைய வண்டிகளைக் கழுவி, உலர்த்தி, ஊர் மாற்றி விற்பவர்கள் உளர். மூழ்கிய வண்டியின் மின்கம்பிகள் உள்ளுக்குள்ளேயே அரித்து, ஓராண்டோ ஈராண்டோ கழித்து நடுவழியில் கைவிட்டுவிடும். விற்பனையாளருக்கு வணக்கம் கூறி வெளியேறினோம்.

இரண்டாவது வண்டி தனியார் ஒருவருடையது. அவர் வடமாநிலத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர், நேர்மையாளராகவே தோன்றினார். ஆனால் வடக்கே குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்பைத் தூவுகின்றார்கள். அவ்வுப்பு வண்டியின் அடிவயிற்றைத் தின்றுவிடுகின்றது. மெக்கானிக் தரையில் படுத்துச் சேஸிஸ் சட்டத்தைத் திருப்புளியால் தட்டினார். துரு அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது. டிரெய்லரை மாட்டும் இழுகொக்கி அச்சட்டத்தில்தானே பூட்டப்படுகின்றது! உரிமையாளரே குனிந்து பார்த்துவிட்டு, "இதை உங்களுக்கு விற்க எனக்கு மனமில்லை" என்றார். கடற்கரைப் பங்குகளில் பணியாற்றியவர்களுக்கு உப்புக் காற்றின் வேலை புதிதன்று. இரும்புக் கதவும் சாளரக் கம்பியும் ஐந்தாண்டு தாங்குவதில்லை.

மூன்றாவதை வயது முதிர்ந்த தம்பதியர் விற்றனர். 2013-ஆம் ஆண்டு வண்டி, ஒரே உரிமையாளர், ஓடியது ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு சீட்டும் பிஸ்கட் டப்பா ஒன்றில் ஆண்டு வரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தது. முதியவர் முன்கூட்டியே இயந்திரத்தை ஓட்டிச் சூடேற்றி வைக்கவில்லை. இது கவனிக்கத்தக்கது. இவ்வகை எட்டு சிலிண்டர் இயந்திரங்களில், சுமை குறைவாக இருக்கும்போது நான்கு சிலிண்டர்கள் ஓய்வெடுத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் அமைப்பு ஒன்று உண்டு. அதன் உறுப்புகள் சில வண்டிகளில் தேய்ந்து கெடும். கெட்டால், குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பியவுடன் கடிகாரம் போல் 'டிக் டிக்' ஓசை கேட்கும். சூடேறினால் அது அடங்கியும் போகலாம். ஆகவே நாம் போவதற்கு முன்பே இயந்திரம் சூடாக இருந்தால் ஐயுற வேண்டும். இங்கு ஓசையேதும் எழவில்லை.

கியர்பெட்டி எண்ணெயில் சிறிது எடுத்து வெள்ளைத் தாளில் விட்டார் மெக்கானிக். சிவப்பாக இருந்தது. பழுப்பேறித் தீய்ந்த நாற்றம் வீசினால், அவ்வண்டி தன் அளவுக்கு மீறி இழுத்துக் களைத்தது என்று பொருளாம். எண்ணெயைக் குளிர்விக்கும் தனிக்கருவி முன்புறத்தில் இருந்தது. பின்புறத்தில் ஏழுமுனை மின்சொருகியும் இருந்தது. பின்னச்சின் பல்விகிதம் 3.42 என்பதையும் வண்டியின் குறியீட்டுச் சீட்டிலிருந்து கண்டறிந்தார், 3.08 உள்ள வண்டியைக் காட்டிலும் இது கூடுதலாக இழுக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. டயர்கள் மட்டும் முதுமை எய்தியிருந்தன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் வார்க்கப்பட்டது என்று பொருள். மேலே வரிகள் ஆழமாக இருப்பினும், பத்தாண்டை நெருங்கும் ரப்பரை நம்பிக் கோடை வெயிலில் சுமை இழுத்தல் ஆகாது. நான்கு புதிய டயர்களின் விலையை முதியவர் தாமாகவே குறைத்துக்கொண்டார். சாவியைக் கொடுக்கும்போது அவருடைய துணைவியார் பின்கதவை ஒருமுறை தடவிப் பார்த்தார். பேரப்பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வண்டி, அவர்கள் வளர்ந்துவிட்டார்கள்.

வண்டி கிடைத்துவிட்டது. சிக்கல் அதன்பிறகே எழுந்தது.

குடும்பத் தலைவரின் நண்பர் ஒருவர் தம் டிரெய்லரை மலிவாக விற்க முன்வந்திருந்தார். குளியலறை, அடுப்பு, பிள்ளைகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குப் படுக்கைகள் என எல்லாம் உண்டு. பொருள்கள் நிரப்பினால் எடை ஏறக்குறைய 3,000 கிலோ. விற்பனைத் தாள்களின்படி இவ்வகைச் சபர்பன் 3,600 கிலோவுக்கு மேல் இழுக்கும். "அறுநூறு கிலோ மிச்சம் இருக்கே ஃபாதர்" என்றார் அவர். மூத்த மகன் மேல்படுக்கையைத் தனக்கென்று அறிவித்தும் விட்டான்.

மெக்கானிக் ஒன்றும் பேசாமல் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த உள்ளங்கையளவுத் தாளைச் சுட்டிக் காட்டினார். வண்டியில் ஏறும் மக்களும் பொருள்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேற்படலாகாது என்று அதில் அச்சிட்டிருந்தது. எண் 700. இழுக்கும் திறன் வேறு. தாங்கும் திறன் வேறு. டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் நிற்பதில்லை. நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை இழுகொக்கியின்மேல் அழுந்தி நிற்க வேண்டும். அந்த அழுத்தம் குறைந்தால் டிரெய்லர் நாய் வாலைப்போல் இருபுறமும் ஆடி வண்டியையே கவிழ்த்துவிடும். வரம்பு மீறினாலோ வண்டியின் பின்புறம் குந்தி, முன்சக்கரங்கள் இலேசாகி, திருப்பும் சக்கரம் சொற்கேளாது. கொக்கியில் அழுந்தும் அவ்வெடையும் 700-க்குள்ளேயே அடங்க வேண்டும். இன்று நிறுவனங்கள் பின்பற்றும் அளவுமுறையில், இழுதிறனைக் குறிக்கும்போது உள்ளே ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டுமே, தலைக்கு 68 கிலோ வீதம், அமர்ந்திருப்பதாகக் கொள்கின்றார்கள். பழைய வண்டிகளின் கணக்குகள் இன்னும் தாராளமானவை. மூன்று பிள்ளை பெற்றவனுக்கு அந்த எண்ணால் என்ன பயன்?

அன்றிரவு உணவு மேசையில் கணக்கு நடந்தது. குளியலறையிலிருந்த எடைப்பொறி கூடத்துக்கு வந்தது. ஒவ்வொருவராக ஏறி நின்றோம். தந்தை 82, தாய் 64, பிள்ளைகள் 50, 37, 28, ஆச்சி 55, நாம் 68. ஆக 384. பனிப்பெட்டி, துணிமணி, அடுப்பு, தண்ணீர் என்று 90. பெரிய டிரெய்லர் கொக்கியில் அழுத்துவது, நூற்றுக்குப் பன்னிரண்டு எனக் கொண்டாலும், 360. எடையைச் சமன்செய்யும் கனத்த கொக்கிச் சாதனம் 36. மொத்தம் 870. வரம்புக்கு மேல் 170.

மேசை அமைதியாயிற்று. நாம் உடனே நம் 68-ஐக் கழித்துக்கொள்ளச் சொன்னோம். அதற்குள் ஆச்சி, "நான் வீட்டுலேயே இருந்துக்கிடுதேன் சாமி. எனக்கென்ன காடும் மலையும்? பிள்ளைங்க ஆசையாப் போயிட்டு வரட்டும். சோறு பொங்கி வச்சிட்டுப் போனாப் போதும்" என்றார். முறையாகப் பேசுவதுபோலத்தான் பேசினார். ஆனால் காலையிலேயே தம் கம்பளிச் சால்வையைத் துவைத்து உலர்த்தி மடித்து வைத்திருந்தார் என்பதை மருமகள் அறிவார், நாமும் கண்டிருந்தோம்.

குடும்பத் தலைவர் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நண்பரிடம் ஏறக்குறைய வாக்குக் கொடுத்த நிலை. இருவர் எடையையும் கழித்தால் 747. மூட்டைகளையும் வேறொருவர் காரில் அனுப்பிவிட்டால் 657. கணக்கு நேராகிவிடும். அவர் அவ்வழியில் சிந்திக்கின்றார் என்பது அவர் பென்சிலிலிருந்தே தெரிந்தது. அப்போது மனைவி, "அத்தை வராத இடத்துக்கு நமக்கு எதுக்குங்க இத்தனை பெரிய வண்டி? நாலு பேர் போக பழைய காரே போதுமே" என்று மெல்லக் கூறினார். உரத்த சொல் ஒன்றுகூட இல்லை. கோபுரம் கட்டப் புகுமுன் அமர்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையின்மேல் நாம் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கின்றோம். அக்கணக்கைப் போடும்போது எதை முதல் வரியில் எழுதுவது என்பதில் ஒரு வீடே அடங்கியிருப்பதை அன்றுதான் நேரில் கண்டோம். இரண்டாவது மகள், பன்னிரண்டு வயதுச் சிறுமி, பென்சிலை வாங்கித் தாளைத் திருப்பிக் கணக்கைத் தலைகீழாகப் போட்டாள். முதலில் எல்லாரையும் எழுதினாள், பிறகு மூட்டைகளை, எஞ்சியது 226. "இதுக்குள்ள எந்த டிரெய்லர் அடங்கும்னு பாருங்கப்பா" என்றாள்.

அடங்குவது ஒன்று இருந்தது. சுவர்கள் கான்வாஸ் துணியாலானது. ஓடும்போது பெட்டிபோல் தாழ மடங்கிக் கிடக்கும். நிறுத்தியபின் கூரையை உயர்த்தினால் இருபுறமும் படுக்கைகள் சிறகுபோல் நீண்டு விரியும். பொருள்களோடு 1,360 கிலோ. கொக்கியில் அழுத்துவது 163. சிறிய கொக்கி 15. ஆக மொத்தம் 652. மிச்சம் 48 கிலோ. குளியலறை இல்லை, அடுக்குப் படுக்கை இல்லை, மூத்தவன் முகம் இரண்டு நாள் வாடியிருந்தது. ஆனால் முழங்கால் வலியுள்ள ஆச்சி தரையில் படுக்க வேண்டியதில்லை. அதையும் உடனே வாங்காமல் நான்கு நாளைக்கு வாடகைக்கு எடுத்தார்கள். இது நல்ல முறை. பழகிப் பார்க்காத பொருளுக்குப் பணம் கொடுப்பானேன்?

நம் நாட்டில் வேளாங்கண்ணித் திருநாளுக்கு வேன் பிடித்துப் போகும் குடும்பங்களை நேயர்கள் அறிவார்கள். இருக்கைகளை எண்ணுவதில்லை, மடிகளை எண்ணுகின்றோம். அன்னையின் காவல் பெரிது. எனினும் ஸ்பிரிங் தகடுகளுக்கும் ஓர் அளவு உண்டு.

திங்கட்கிழமை விடியுமுன் புறப்பட்டோம். லாரிகளை எடைபோடும் மேடை ஒன்று வழியிலுள்ள எரிபொருள் நிலையத்தில் இருந்தது. சிறு கட்டணம் செலுத்தினால் ஒவ்வோர் அச்சின்மேலும் எத்தனை எடை என்று தனித்தனியே அச்சிட்டுத் தருகின்றார்கள். மகளின் கணக்குக்கும் மேடையின் சீட்டுக்கும் பத்துக் கிலோகூட வேறுபாடில்லை. அவள் அச்சீட்டைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

287 என்னும் நெடுஞ்சாலை வடமேற்கே 600 கிலோமீட்டருக்கு நம்மை இட்டுச் செல்கின்றது. விச்சிட்டா ஃபால்ஸ், வெர்னன், குவானா, சில்ட்ரஸ் என்று ஊர்கள் ஒன்றுக்கொன்று எட்டாத் தொலைவில் கிடக்கின்றன. சிவந்த மண், பருத்திக் காடுகள், காற்றாலைகள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவில்லை. டிரெய்லர் டயர்கள் பலவற்றின் வேக வரம்பே அதற்குச் சற்று மேல்தான். வண்டியின் தொட்டி நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். இழுத்துச் செல்லும்போது லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டரே கிடைப்பதால் அது வற்றும் விரைவைக் கண்டு ஆச்சி திகைத்துப் போனார். சமவெளியில் குறுக்குக் காற்று ஓயாது அறைகின்றது. எதிரே வந்த உயர்ந்த டிரெய்லர்கள் பாய்விரித்த தோணிகள்போல் தள்ளாடின. நம்முடையது மடங்கிக் கிடந்ததால் காற்று அதைக் கண்டுகொள்ளவில்லை. எஸ்டெலின் என்னும் சிற்றூருக்கருகே அகன்ற மணல் ஆறு ஒன்றைப் பாலத்தில் கடந்தோம். நடுவே நூலிழையாகச் செந்நீர். கோடைத் தாமிரபரணியை நினைத்து ஆச்சி பெருமூச்செறிந்தார். செவ்வாற்றின் கிளையான இந்த மெலிந்த நீரோட்டமே மறுபுறத்தில் நாம் காணவிருந்த பெரும்பள்ளத்தைக் குடைந்தது என்று சொன்னபோது பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள்.

கேன்யன் என்ற ஊரிலிருந்து கிழக்கே சுமார் இருபது கிலோமீட்டர். நிலம் பலகைபோல் தட்டையாகக் கிடக்கின்றது. குன்றில்லை, மரமில்லை. திடீரென்று தரை முடிந்துபோகின்றது. பாலோ டூரோ! 190 கிலோமீட்டர் நீளமும், சராசரி 245 மீட்டர் ஆழமும் கொண்ட அப்பள்ளத்தாக்கு, அந்நாட்டில் கிராண்ட் கேன்யனுக்கு அடுத்த பெரியதாகச் சொல்லப்படுகின்றது. ஸ்பானிய மொழியில் 'வன்மரம்' என்று பொருள். அங்கு வளரும் ஜூனிபர் மரத்தால் வந்த பெயர். பாறைகள் அடிமட்டத்தில் செங்கல் நிறம். இடையிடையே வெள்ளை ஜிப்சம் பட்டைகள். மேலே மஞ்சள், ஊதா. 1930-களின் பஞ்ச காலத்தில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அரசு இங்கே சாலையும் குடில்களும் அமைத்தது. 1934 ஜூலை 4 அன்று பூங்கா திறக்கப்பட்டது.

இளைஞர்கள் வெட்டிய அச்சாலை பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் இறங்குகின்றது. கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்கல்ல, இறங்குவதற்கே அஞ்ச வேண்டும் என்று மெக்கானிக் எச்சரித்திருந்தார். பிரேக்கை விடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே மேலேயே வண்டியை நிறுத்தி, தாழ்ந்த கியருக்கு மாற்றி, இயந்திரமே வேகத்தைப் பிடித்துக்கொள்ளுமாறு மெல்ல இறக்கினார். இயந்திரம் உறுமிற்று. பின்னிருந்து 1,360 கிலோ தள்ளுவதை இருக்கையின் முதுகில் உணர்ந்தோம். ஆச்சி செபமாலையை எடுத்தார், நாமும் எடுத்தோம். 3,000 கிலோ பின்னே இருந்திருந்தால் என்று குடும்பத் தலைவர் எண்ணினாரோ என்னவோ. கீழே வந்து நின்றதும் வண்டியைவிட்டு இறங்காமல் சிறிது நேரம் அமர்ந்திருந்தார்.

பள்ளத்தாக்கின் அடியில் ஜூன் மாதத்து நண்பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகின்றது. விடிகாலையிலும் அந்தியிலும்தான் நடக்க முடியும். 'கலங்கரை விளக்கம்' என்று அழைக்கப்படும் பாறைத் தூணுக்குப் போய்வர ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். தந்தையும் மூத்த பிள்ளைகள் இருவரும் விடியுமுன் சென்று ஒன்பது மணிக்குள் திரும்பினர். நாம் ஆச்சியோடு ஜூனிபர் நிழலில் அமர்ந்திருந்தோம். காட்டு வான்கோழிகள் கூடாரத்தருகே வந்து சோற்றுப் பருக்கைகளைப் பொறுக்கின. தூத்துக்குடியில் மீன் விலையிலிருந்து மறுவுலகம் வரை அவர் பேசிய பேச்சுகள் தனிக் கட்டுரைக்குரியவை.

கத்தோலிக்கர்க்கு இவ்விடத்தில் ஒரு நினைவு உண்டு. 1541-ஆம் ஆண்டில் ஸ்பானியத் தளபதி கொரொனாதோ இச்சமவெளியைக் கடந்தபோது அவருடன் பிரான்சிஸ்கன் சபைக் குரு ஹுவான் தே பதில்யா இருந்தார். இப்பள்ளத்தாக்கில் அவர் நன்றித் திருப்பலி நிறைவேற்றினார் என்று ஒரு மரபு. 1959-இல் அதற்கு நினைவுப் பலகையும் நிறுவினார்கள். கொரொனாதோவின் படை தங்கியது தெற்கேயுள்ள பிளாங்கோ பள்ளத்தாக்கே என்று அங்குக் கிடைத்த பழைய அம்பு முனைகளைக் கொண்டு ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். எது எவ்வாறாயினும், ஆலங்கட்டி மழை பொழிந்து அவர்களுடைய கூடாரங்களைக் கிழித்துக் குதிரைகளைச் சிதறடித்தது என்று உடன் சென்றவர் எழுதிவைத்துள்ளார். பதில்யா பின்னர் அம்மக்களிடையே மறைபரப்பத் திரும்பிச் சென்று கொல்லப்பட்டார்.

இன்னொரு நினைவும் உண்டு. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. 1874 செப்டம்பர் 28 அன்று கொமாஞ்சி, கயோவா, செயென் பழங்குடிக் குடும்பங்கள் இதே அடிவாரத்தில் தோல் கூடாரங்கள் அடித்துத் தங்கியிருந்தன. அமெரிக்கப் படைத்தலைவர் மெக்கன்சி விடியற்காலையில் இறங்கி வந்து தாக்கினார். உயிர்ச்சேதம் குறைவு. ஆனால் கூடாரங்களும் குளிர்காலத்துக்கான உணவும் எரிக்கப்பட்டன. 1,400-க்கு மேற்பட்ட குதிரைகள் பிடிபட்டன. அவற்றுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை சுட்டுக் கொல்லப்பட்டன. கிழவர்களையும் குழந்தைகளையும் சுமந்தது அக்குதிரைகளே. கழிகளைக் கட்டி அவற்றின் பின்னே இழுத்ததே அவர்களுடைய டிரெய்லர். அவை போனபின் அம்மக்கள் நடந்தே சென்று அரசு ஒதுக்கிய நிலத்தில் சரணடைந்தார்கள். "ஆச்சிமாரெல்லாம் எப்படி நடந்தாங்க?" என்று கடைக்குட்டி கேட்டான். நம்மிடம் விடையில்லை.

வியாழன் அதிகாலை, மரப்பலகை மேசையில் துணி விரித்துத் திருப்பலி நிறைவேற்றினோம். அடுத்த கூடாரத்துக் குடும்பம் ஒன்று, மொழி புரியாவிடினும், வந்து மண்டியிட்டது. மன்றாட்டு வேளையில் ஆச்சி, குதிரைகளோடு வாழ்ந்த அம்மக்களுக்காக வேண்டிக்கொண்டார்.

ஏறும்போது இயந்திரத்தின் வெப்பமுள் சற்றே உயர்ந்து, மேட்டை அடைந்ததும் தன் இடத்துக்குத் திரும்பிற்று. டிரெய்லரை வாடகைக் கடையில் ஒப்படைத்தார்கள். அதே வகையில் பழையது ஒன்றை இலையுதிர் காலத்தில் வாங்கிவிட்டதாக அண்மையில் மடல் வந்தது. ஆச்சி ஊர் திரும்பாமல் இன்னும் ஆறு மாதம் இருக்க இசைந்திருக்கின்றாராம். கடைக்குட்டி மூன்று கிலோ கூடிவிட்டான், மூத்தவன் ஐந்து. மிச்சமிருந்த 48 கிலோவில் 40 எஞ்சியிருப்பதாக மகள் கணக்கெழுதி அனுப்பியிருக்கின்றாள். நம் 68-ஐ அவள் இன்னும் கழிக்கவில்லை.